பீலியடியில் ஒரு கேள்வி

உக்காருங்க ஆர்த்திகா. அந்த நாற்காலிக்கு ஒரு கால் ஆடும், சுவரோரமா இருக்கிறத இழுத்துப் போட்டுக்கங்க. உங்க ஆய்வு முன்மொழிவ ரெண்டு தரம் வாசிச்சேன். இந்த வருசம் என்கிட்ட வந்த பதினேழுல எழுத்துப்பிழை கொறைஞ்சது உங்களோடதுதான். ஓரம் விடுறதுல மட்டும் கொஞ்சம் கவனம் வேணும். இடப்பக்கம் ஒன்றரை அங்குலம் விடாட்டி, பைண்டிங் பண்ணும்போது எழுத்தெல்லாம் உள்ளுக்குப் போயிரும்.

தலைப்பும் நல்லாத்தான் இருக்கு. "வதந்தியும் சமூக விலக்கலும்: ஒரு பெருந்தோட்டப் பிரிவின் அனுபவம்." மூணாம் வருசத்துக்கு நான் சமூக உளவியல் எடுக்க ஆரம்பிச்சு ஆறு வருசமாச்சு. வருசா வருசம் புள்ளைங்க அட்டன் பஸ் ஸ்டாண்டுல நின்னுக்கிட்டு, யாரு யாருக்கு சீட்டு விட்டுக் குடுக்கிறாங்கன்னு எண்ணிக்கிட்டு வந்து நிப்பாங்க. நானும் மார்க் போட்டு அனுப்பிருவேன். சொந்த வீட்டு விசயத்த எடுத்துக்கிட்டு வந்த மொத ஆளு நீங்கதான்.

நாலு கேள்வி போட்டிருக்கீங்க. முதல் ரெண்டும் சரி. நாலாவத கொஞ்சம் சுருக்கணும். மூணாவது, "இந்தக் கதையை முதன்முதலில் சொன்னவர் யார்?" அதுக்காக நீங்க தோட்டத்துக்குப் போய் லயம் லயமா வாசப்படி ஏறி எறங்க வேண்டியதில்ல. எனக்குத் தெரியும். அதனாலதான் மத்தவங்கள நாளைக்கு வரச் சொல்லிட்டு உங்கள மட்டும் இன்னைக்குக் கூப்பிட்டேன்.

நானும் அந்தத் தோட்டந்தான். வட்டகொடை ஸ்டேசன்ல எறங்கி மேல ஏறினா, அஞ்சாம் நம்பர் லயம், கடைசிக் காம்பரா. இங்க நான் கணேசமூர்த்தி சேர். அங்க என்னைய கெம்பஸ் மூர்த்தின்னுதான் சொல்லுவாங்க. அப்ப தாடி இல்ல, கண்ணாடி இல்ல. நீங்க பத்து வயசுல ரெட்டைப் பின்னல் போட்டுக்கிட்டு, பென்சில் சீவித் தாங்கன்னு வந்து நிப்பீங்க. இப்ப ஞாபகம் வருது போல. பரவாயில்ல, தண்ணி குடிங்க. நான் மெதுவாவே சொல்றேன்.

தொண்ணூத்தியெட்டு தை மாசம். எனக்குக் கடைசி வருசம். ஆய்வுக்கட்டுரை ஒன்னு குடுத்தாத்தான் பட்டம். கெம்பஸ் லைப்ரரில இருந்த புத்தகம் எல்லாத்தையும் படிச்சிட்டேன். எல்லாத்துலயும் வெள்ளக்காரங்கதான். ஒரு ரூமுக்குள்ள நாலு பேர உக்கார வச்சு, எல்லாரும் ஒரே தப்பச் சொன்னா அஞ்சாவது ஆளும் அதையே சொல்லுவான். ரோட்டுல ஒருத்தன் விழுந்தா, கூட்டம் கூடக் கூட ஒதவுற கை கொறையும். படிக்கப் படிக்க எனக்கு எங்க லயந்தான் கண்ணுக்குள்ள வந்து நிக்கும். நூத்தம்பது வருசமா இந்த மலையில இருக்கோம், நம்ம சனத்தப் பத்தி அந்தப் புத்தகத்துல ஒரு வரி இல்ல. அந்த ஒரு வரிய நான் எழுதணும்னு நெனச்சேன். இத நீங்க நம்பணும். கெட்ட எண்ணத்துல நான் எதையும் ஆரம்பிக்கல.

எனக்கு வழிகாட்டியா இருந்தவரு மகாலிங்கம் சேர். யாழ்ப்பாணத்துக்காரர், ரொம்ப நல்ல மனுசன், இப்ப உயிரோட இல்ல. வதந்தி எப்படிப் பரவுதுன்னு பாக்கப் போறேன்னு சொன்னேன். "ஐசே, கேள்விக்கொத்தோட போம், கேள்விக்கொத்தோட வாரும். நீர் அங்க போய் ஒண்டையும் கிளப்பிப்போட்டு வரக்கூடாது, விளங்கிச்சுதோ?" அப்பிடின்னாரு. விளங்கிச்சு சேர்னு சொன்னேன். முப்பது கேள்விக்கொத்து ரோனியோ அடிச்சு எடுத்துக்கிட்டுத்தான் ரயில் ஏறினேன்.

ஆனா நீங்களே யோசிச்சுப் பாருங்க. லயத்துல ஒரு பொம்பளகிட்டப் போய் "வதந்தியை நீங்கள் நம்புவீர்களா, ஆம், இல்லை"ன்னு கேட்டா என்ன சொல்லும்? "தம்பி, நமக்கு எதுக்கு ஊர் வம்பு"ன்னு சொல்லும். முப்பதுலயும் அதுதான் வந்துச்சு. ஒன்னுக்கும் ஒதவாத தரவு. அதே நேரம் எங்க பிரிவு மாதிரி ஒரு எடம் எந்த நாட்டுல கிடைக்கும்? ஆறு லயம், குடும்பத்துக்கு ஒன்னா எழுபத்திரெண்டு காம்பரா, எல்லாருக்கும் தண்ணிக்கு ஒரே ஒரு பீலி. காலையில வேலைக்குப் பேர் குடுக்க எல்லாரும் ஒரே பெரட்டுல நிக்கணும், ஒரே மலையில தேயிலைக் கொழுந்து எடுக்கணும். டெலிபோன் கிடையாது. ஒரு வார்த்தைய இந்தப் பக்கம் விட்டா, அது எந்தக் காம்பராவுக்கு எப்ப வருதுன்னு மணிக்கூட்ட வச்சுப் பாக்கலாம். அத விட்டுட்டு வர எனக்கு மனசில்ல.

யாரப் பத்தின்னு முடிவு பண்றதுதான் கஷ்டமா இருந்துச்சு. ஏற்கனவே பேர் கெட்டவங்களப் பத்திச் சொன்னா, சனம் நம்புறது அந்த வார்த்தையாலயா பழைய பகையாலயான்னு பிரிக்க முடியாது. அப்ப, யாருக்குமே ஒரு கொறையும் சொல்ல முடியாத ஆளா இருக்கணும். நம்ம பிரிவுல அப்பிடி ஒருத்தர்தான் இருந்தாங்க. மலைக்குப் போறவங்களோட கைக்குழந்தைங்கள புள்ளக்காம்பராவுல வச்சுப் பாத்துக்கிட்ட இராசமணியக்கா. உங்கம்மா.

அவங்க மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல. சொல்லப்போனா எங்கம்மா கொழுந்துக்குப் போனப்ப என்னையத் தொட்டில்ல போட்டு ஆட்டினதே அவங்கதான். நெத்தியில இந்தத் தழும்பு இருக்கு பாருங்க, தவழ்ந்து போய்ப் படியில விழுந்தது. அதுக்கு அவங்க மூணு நாள் சாப்பிடாம அழுதாங்களாம், எங்கம்மா சொல்லும். உங்கப்பா தவறினதுக்குப் பொறகும் ஒரு வாரத்துல வந்து புள்ளக்காம்பராவத் தொறந்துட்டாங்க. பாசம் இருந்ததாலதான் தெரிஞ்செடுத்தேன்னு சொன்னா உங்களுக்குக் கோவம் வரும். ஆனா உண்ம அதுதான்.

நான் பொய் எதுவும் சொல்லல. இத இத்தனை வருசமா எனக்கு நானே சொல்லிக்கிட்டு வந்திருக்கேன், உங்ககிட்டயும் சொல்றேன். ஒரு கேள்விதான் கேட்டேன். பெப்ரவரி ரெண்டாம் தேதி, திங்கக்கிழமை, காலையில பீலியடியில. தண்ணி புடிச்சுக்கிட்டு இருந்த மூணு பேருகிட்ட, ஆளுக்கு ஒரு தரம், சும்மா பேச்சோட பேச்சா. "அக்கா, புள்ளக்காம்பராவுல புள்ளைங்க இப்பல்லாம் ரொம்ப நேரம் தூங்குதுங்களே, ஏன்?" அவ்வளவுதான். வாளியத் தூக்கிக்கிட்டு வந்துட்டேன்.

புள்ளைங்க ரொம்ப நேரம் தூங்கினது நெசந்தான். ஏன்னும் எனக்குத் தெரியும். அந்த வருசம் பனி கடுமை. ஜன்னல் கண்ணாடி ஒடைஞ்சு ஆறு மாசமாகியும் தோட்டத்துல போட்டுக் குடுக்கல. உங்கம்மா பொறுத்துப் பொறுத்துப் பாத்துட்டு, பழைய கொழுந்துச் சாக்க வாங்கி, ரெட்டையா மடிச்சு ஆணியடிச்சுட்டாங்க. உள்ளுக்கு இதமா இருந்துச்சு, புள்ளைங்க தூங்குச்சுங்க. நான் கேக்குறதுக்கு மொத நாளே உள்ள போய்ப் பாத்துட்டேன். எனக்குக் கூட ஒரு டம்ளர் தேத்தண்ணி ஊத்திக் குடுத்தாங்க.

அதுக்குப் பொறகு எனக்குச் செய்யிறதுக்கு ஒன்னுமே இல்ல. ஒரு சீ.ஆர். கொப்பியில ஆறு லயத்தையும் கோடு கோடாப் போட்டு வச்சிருந்தேன். அந்த வார்த்தை எங்க காதுல விழுதோ அந்தக் காம்பராவுக்குச் செவப்புப் பென்சில்ல ஒரு புள்ளி. மொத நாள் சாயந்தரத்துக்குள்ள பதினோரு புள்ளி. ரெண்டாம் நாள் முப்பத்திநாலு. மூணாம் நாள் பகல் எங்கம்மா மலையில இருந்து வந்து, கூடைய எறக்கி வச்ச கையோட எங்கிட்ட சொல்லுச்சு. "அந்த இராசமணி புள்ளைங்களுக்குப் பால்ல என்னமோ கலக்கிக் குடுக்குறாளாம்டா. தூங்கிட்டா அவளுக்கு வேலை மிச்சம்ல. ஒன்னாம் லயத்துல ஒருத்தி கண்ணால பாத்தாளாம்." ஒரு கேள்வி மூணு நாள்ல கண்ணு காது மூக்கு எல்லாம் வச்சு, எங்க வீட்டு வாசலுக்கே வந்துருச்சு. எனக்குச் சந்தோசமா இருந்துச்சு ஆர்த்திகா. மறைக்கிறதுக்கு ஒன்னுமில்ல, ரொம்பச் சந்தோசமா இருந்துச்சு. எங்கம்மாவுக்குத் தெரியாம கொப்பிய எடுத்து, அது சொன்னத வார்த்தைக்கு வார்த்தை எழுதிக்கிட்டேன்.

புள்ளக்காம்பராவுல அப்ப பத்தொன்பது புள்ளைங்க. காலையில நான் றோட்டு வளைவுல நின்னு எண்ணுவேன். ஒரு வாரத்துல பதினொன்னு ஆச்சு. மூத்த பொம்பளப் புள்ளைங்கள ஸ்கூலுக்கு அனுப்பாம நிப்பாட்டி, கைக்குழந்தைய அதுங்ககிட்ட விட்டுட்டுப் போனாங்க. பால் குடுக்க ஓடி வர முடியாதவங்க புள்ளைய மலைக்கே தூக்கிக்கிட்டுப் போய், மரத்துல சீலையக் கட்டித் தொட்டில் போட்டுட்டு, கொழுந்து எடுக்க நிரை புடிச்சாங்க. மேற்பார்வைக்கு வர்ற கண்டாக்கையா பாத்தா சத்தம் போடுவாரு. கங்காணி கண்டும் காணாத மாதிரி இருந்துக்கிட்டாரு, அவரு பேத்தியும் அப்பிடித்தான் தொட்டில்ல தொங்கிக்கிட்டு இருந்துச்சு.

உங்கம்மாவுக்கு யாரும் நேருல ஒன்னும் சொல்லல. அதுதான் அதுல உள்ள கஷ்டம். சொன்னாத்தானே இல்லன்னு சொல்லலாம். பீலியடிக்கு அவங்க வந்தா பேச்சு நின்னுரும், வாளிங்க ஒவ்வொன்னா நகர்ந்துரும். நீங்களும் கூட வருவீங்க. ஒரு நாள் உங்கம்மா என்கிட்டயே கேட்டாங்க. "தம்பி, நீங்க படிச்சவங்க, சொல்லுங்க. நான் என்ன தப்புப் பண்ணுனேன்னு புள்ளைங்கள அனுப்ப மாட்டேங்குறாங்க?" எனக்கு அப்ப வெக்கமா இருந்துச்சு. எனக்கு ஒன்னும் தெரியலக்கான்னு சொன்னேன். சொல்லியிருந்தா எல்லாம் வீணாப் போயிருக்கும், அன்னைக்கு எட்டாவது நாள்தான்.

பத்தாம் நாள் நான் அதத் திருத்தப் பாத்தேன். அதே பீலியடிக்குப் போய், அதே மூணு பேருகிட்ட, ஜன்னல்ல சாக்கு அடிச்ச விசயத்தச் சொல்லி, இதெல்லாம் வெறும் பொய்யின்னு சொன்னேன். அவங்க ஒருத்தர் மூஞ்ச ஒருத்தர் பாத்துக்கிட்டாங்க. மறுநாள் எங்கம்மா என்னையத் தனியாக் கூப்பிட்டு, "அவளுக்காக நீ ஏன்டா வாயக் குடுக்குற, படிச்ச புள்ளையையும் கைக்குள்ள போட்டுக்கிட்டாளேன்னு சனம் பேசுது"ன்னுச்சு. அதோட இன்னும் நாலு புள்ளைங்க வரவு நின்னுபோச்சு. நான் வாயத் தொறந்தா அதிகமாகுது, மூடினாலும் அதிகமாகுது. தண்ணிக்குள்ள முங்கினவன் மாதிரி ஆகிட்டேன். என்னால ஒன்னும் செய்ய முடியல. இதத்தான் வகுப்புல உங்களுக்கு அடிக்கடி சொல்றேன், சூழ்நிலை பெருசு, தனி மனுசன் சின்னது.

இன்னொன்னும் சொல்லிர்றேன். பத்தாம் நாள் திருத்தப் போனது நானாத் தவிச்சுப் போய்ச் செஞ்சதில்ல. ரயில் ஏறும்போதே கொப்பியில எழுதியிருந்தேன், கட்டம் ரெண்டு, மறுப்புச் செய்தியும் அதன் விளைவும், நாள் பத்து.

பெப்ரவரி பதினஞ்சு ஞாயித்துக்கிழமை. வழக்கமா வேலையில்லாத நாள், ஆனா அந்த வாரம் கொழுந்து முத்திப்போகுதுன்னு சம்பளத்துக்குப் பேர் போட்டுக் கூப்பிட்டிருந்தாங்க. நாலாம் நம்பர் மல. உங்களுக்குத் தெரியும், மேல கொழுந்து நிறுக்கிற மடுவம், கீழ றோட்டத் தாண்டினா புள்ளக்காம்பரா. உங்கம்மா அன்னைக்கும் வந்து தொறந்து வச்சுக்கிட்டு வாசல்ல உக்காந்திருந்தாங்க, உள்ள ரெண்டே ரெண்டு புள்ளைங்க. நான் மடுவத்துல நின்னேன். எத்தனை தொட்டில் மலைக்கு வந்திருக்குன்னு எண்ணப் போனேன். அஞ்சு இருந்துச்சு. நாலு தொட்டில் தூரத்துல, மலைக்கு அந்தப் பக்கம். லெட்சுமி புள்ளையோட தொட்டில் மட்டும் மடுவத்துக்குப் பக்கத்துல, வாகை மரத்துல. அஞ்சு மாசப் புள்ள. அத அங்க கட்டினதுக்குக் காரணம் இருந்துச்சு. லெட்சுமியோட நிரை மடுவத்துக்கும் மேல போகுது, அதோட நாத்தனாவுக்கு மரத்த ஒட்டின கீழ் நிரை, நாத்தனா பாத்துக்கும்னு நெனச்சுது.

அந்த மரத்து உச்சியில குளவிக் கூடு இருந்தத யாரும் பாக்கல. நானும் பாக்கல, சத்தியமா. ஒரு பருந்து வந்து கூட்ட அடிச்சிருச்சு. குளவி கலைஞ்சா எப்பிடின்னு உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. ஒரு புகை மாதிரி எறங்குச்சு. கூடையப் போட்டுட்டு, தலைப்ப இழுத்து மூடிக்கிட்டு எல்லாரும் ஓடினாங்க. இருபத்திமூணு பேரு. கங்காணியும் ஓடினாரு. லெட்சுமியும் ஓடுச்சு. நாத்தனா எடுத்திருக்கும்னு அது ஓடுச்சு, பெத்தவ எடுத்திருப்பான்னு நாத்தனா ஓடுச்சு, யாராவது எடுத்திருப்பாங்கன்னு மத்தவங்க ஓடினாங்க. கீழ் றோட்டுல போய் நின்னு மூச்சு வாங்குறப்பதான் ரெண்டு பேரும் ஒருத்தர் கையை ஒருத்தர் பாத்தாங்க. "அடியே, நீ எடுத்துட்டேன்னுல்ல நான் ஓடியாந்தேன்"னு லெட்சுமி சொன்னத அதுக்குப் பொறகு தோட்டமே சொல்லிச் சொல்லி அழுதுச்சு.

நான் மடுவத்துல நின்னேன். மரத்துக்கும் எனக்கும் முப்பது அடி இருக்கும். குளவி என் பக்கம் வரல. புத்தகத்துல படிச்சதெல்லாம் அப்பிடியே என் கண்ணு முன்னால நடந்துச்சு. எத்தனை பேர் பாத்துக்கிட்டு இருக்காங்களோ அத்தனைக்கு ஒவ்வொருத்தரோட பொறுப்பும் கொறையும்னு படிச்சது. யாரு திரும்பி வருவாங்க, எப்ப வருவாங்கன்னு பாத்துக்கிட்டு நின்னேன். என்னால அசைய முடியல. பயத்துல மனுசனுக்குக் கை கால் வெறைச்சுப் போகும், அதுக்கும் ஆராய்ச்சி இருக்கு. பதினோரு வருசமா இப்பிடித்தான் நம்பிக்கிட்டு இருந்தேன். உங்க முன்மொழிவு கைக்கு வந்த அன்னைக்கு, பெட்டிக்கு அடியில கிடந்த இந்தக் கொப்பிய எடுத்துப் பாத்தேன். நீங்களே பாருங்க. என் கையெழுத்துத்தான், உங்க எல்லார் கட்டுரையிலயும் நான் திருத்துறேனே, அதே எழுத்து.

"11.20 கூடு கலைந்தது. 11.21 அனைவரும் விலகினர் (23). திரும்பியவர் இல்லை. 11.24 அழுகை நின்றது. 11.26 இ. வந்தார்."

கை அசைஞ்சிருக்கு ஆர்த்திகா. கோடு கூட நேரா இருக்கு. மடுவத்துல என் காலடியில இருபது கொழுந்துச் சாக்கு கிடந்துச்சு.

இ.ன்னா இராசமணி. கீழ இருந்து சத்தம் கேட்டு வந்தாங்க. வாசல்ல கால் தொடைக்கப் போட்டிருந்த ஈரச் சாக்கத் தலையில போட்டுக்கிட்டு, றோட்டத் தாண்டி, ஓடி வந்த இருபத்திமூணு பேருக்கு ஊடால மேல ஏறினாங்க. யாரும் வழி மறிக்கல, யாரும் கூடவும் வரல. தொட்டில அவுக்க நேரமில்ல, சீலையோட பிச்சு எடுத்தாங்க. எடுத்ததும் தலையில இருந்த சாக்க புள்ள மேல போத்திட்டாங்க. அதனாலதான் அவங்க மூஞ்சி அப்பிடி ஆச்சு. டிஸ்பென்சரி வாசல்ல மருந்தையா புள்ளைய வாங்கிப் பாத்துட்டு இல்லன்னு தலையாட்டினப்ப உங்கம்மாவுக்கு ரெண்டு கண்ணும் தொறக்கல, மத்தவங்க கதறினதக் காதால கேட்டுத்தான் தெரிஞ்சுக்கிட்டாங்க.

பொறகு நடந்தது உங்களுக்கே தெரியும், முன்மொழிவுல அஞ்சாம் பக்கத்துல எழுதியிருக்கீங்க. குளவி கொட்டினத எல்லாரும் பாத்தாங்க. ஆனா புள்ள உசுரில்லாம இருந்தது உங்கம்மா கையில. கொட்டினதுல சாகல, முன்னமே குடுத்த மருந்து உடம்புல ஊறிக் கிடந்துச்சாம், அதான் அவ்வளவு சுருக்கா போயிருச்சாம்னு சாயந்தரத்துக்குள்ள ஆறு லயத்துலயும் சொல்லிட்டாங்க. பத்து நாளுக்கு மேலா அந்தப் புள்ள புள்ளக்காம்பரா பக்கமே போகல. அதச் சொல்ல ஒருத்தருக்கும் தோணல. சாவு வீட்டு வாசல் வரைக்கும் கூட உங்கம்மாவ விடல. மறுநாள் காலையில, அவள வெளியேத்துற வரைக்கும் பெரட்டுக்கு நிக்க மாட்டோம்னு எல்லாரும் லயத்துலயே உக்காந்துட்டாங்க. தொரைக்குக் கொழுந்து முக்கியம். புதன்கிழமை லொறி வந்துச்சு. ஒரு பெட்டி, ஒரு ஆட்டுக்கல்லு, பாயில சுத்தின உடுப்பு. நீங்க பின்னால சாமானோட உக்காந்திருந்தீங்க. நான் எங்க வாசல்ல நின்னுக்கிட்டு இருந்தேன். என்னையப் பாத்துக் கை காட்டினீங்க.

லெட்சுமி இப்ப டயகமப் பக்கம் இருக்கு. அதுக்குப் பொறகு புள்ளை இல்ல.

என் ஆய்வுக்கட்டுரையில இதெல்லாம் கிடையாது. தரவு சேகரிப்பு பதிமூணாம் நாளோட நிறைவடைஞ்சதுன்னு எழுதினேன். எல்லாத்தையும் கேள்விக்கொத்துல வந்த விடைன்னு மாத்தி எழுதினேன். மகாலிங்கம் சேர் ரெண்டு எடத்துல பென்சில்ல கேள்விக்குறி போட்டிருந்தாரு, என்னைய ஒரு தரம் நிமிந்து பாத்துட்டு, கையெழுத்துப் போட்டுட்டாரு. முதல் வகுப்பு வந்துச்சு. இந்த வேலையும் அதாலதான் வந்துச்சு. உங்களுக்கு வதந்தின்னு ரெண்டு மணித்தியாலப் பாடம் எடுத்தேனே, லயத்துப் படம் ஒன்னு பலகையில வரைஞ்சு புள்ளி புள்ளியா வச்சு, நீங்க முன் வரிசையில உக்காந்து அத அழகா வரைஞ்சுக்கிட்டீங்க. உங்க முன்மொழிவுக்குப் பின்னிணைப்பா அந்தப் படத்தத்தான் வச்சிருக்கீங்க. அது உங்க லயந்தான்.

அப்ப, உங்க மூணாவது கேள்விக்கு விடை இதுதான். கிளப்பினது நான். தெரிஞ்சே கிளப்பினேன், செய்யாதேன்னு சொன்ன பொறகு கிளப்பினேன். அந்தப் புள்ளையும் எடுக்கக்கூடிய தூரத்துல இருந்துச்சு, நான் எடுக்கல, மணி பாத்தேன்.

உங்கம்மா பக்கத்து வீட்டுக் குழந்தையக் கொண்டு வந்தாக்கூட ரெண்டு கையையும் முந்தானைக்குள்ள ஒளிச்சுக்கிறாங்கன்னு எழுதியிருக்கீங்க. ராத்திரி சாப்பாடு போடும்போது, நான் அந்தப் புள்ளைக்கு நெசமாவே ஏதாச்சும் செஞ்சிட்டேனான்னு உங்களையே கேக்குறாங்கன்னு எழுதியிருக்கீங்க. செய்யல. இன்னைக்கு வீட்டுக்குப் போனதும் சொல்லிருங்க. கொப்பியையும் கொண்டு போங்க, நான் போட்டோக் கொப்பி எடுத்து வச்சுக்கிட்டேன்.

உங்க முன்மொழிவுல கையெழுத்துப் போட்டுட்டேன். ஒரு திருத்தம் மட்டுந்தான். என் பேரப் போட வேணாம். தகவல் தந்தவங்க பேர மறைக்கிறது நம்ம துறையில ஒரு ஒழுங்கு, வெறும் க.ன்னு போட்டாப் போதும். நீங்க என்ன முடிவெடுத்தாலும் நான் தடுக்கப்போறதில்ல. தடுக்கவும் என்னால முடியாது, இதெல்லாம் ஆரம்பிச்சா யார் கையிலயும் இல்லன்னு உங்களுக்கே இப்ப தெரியும்.

அழுகை வந்தா அழுங்க, கதவு சாத்தித்தான் இருக்கு. ஒரே ஒரு ஒதவி மட்டும் வேணும். அந்த இருபத்திமூணு பேரு ஏன் ஓடினாங்கன்னு என்கிட்ட விளக்கம் இருக்கு. எங்கம்மா ஏன் நம்புச்சு, தொர ஏன் லொறி அனுப்புனாரு, நான் ஏன் நின்னேன், எல்லாத்துக்கும் இருக்கு, புத்தகத்துல பக்கத்தக் கூடக் காட்டுவேன். பதினாலு நாளா ஒதுக்கி வச்ச சனத்துக்கு ஊடால மேல ஏறி வந்த அந்த ஒரு ஆளுக்கு மட்டுந்தான் என்கிட்ட ஒன்னும் இல்ல. ஒருத்தர் மட்டும் வேற மாதிரி நடந்தா அத விலக்கிட்டுக் கணக்குப் போடுறதுதான் வழக்கம், நானும் விலக்கிட்டேன். ஆனா அது இன்னும் உறுத்திக்கிட்டே இருக்கு. அம்மாகிட்ட, அன்னைக்கு எதுக்காக ஓடி வந்தீங்கன்னு கேளுங்க. கேட்டு, அவங்க சொல்ற வார்த்தையிலயே எழுதிக்கிட்டு வாங்க. கண்ணு காது மூக்கு எதுவும் வச்சிராதீங்க.